பிறர் வாக்கை யார் சுமக்கலாம்? தபால் வாக்குச் சீட்டுகளைக் கையாளும் விதிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பிளேடன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு), 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு வீடு வீடாகப் போய்த் தபால் வாக்குச் சீட்டுகளை வாங்கிவந்த ஆட்களுக்கு மிக நுணுக்கமான அறிவுரைகள் தரப்பட்டிருந்தன. உறையின்மேல் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது வாக்காளர் எழுதிய அதே நிற மையில் போட வேண்டும். ஒன்பது பத்து உறைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அஞ்சலில் சேர்க்கக் கூடாது. வாக்காளரின் வீட்டுக்குப் பக்கத்து அஞ்சலகத்தில்தான் சேர்க்க வேண்டும். தபால்தலை பார்ப்பவர் கண்ணை உறுத்தும்படி ஒட்டப்பட்டிருக்கக் கூடாது. 2019 பிப்ரவரியில் நடந்த பொது விசாரணையில், அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவரே சத்தியப் பிரமாணத்தின் பேரில் இவற்றைச் சொன்னார். உறை ஒட்டப்படாமல் வந்த சில சீட்டுகளில் வாக்காளர் குறிக்காமல் விட்டிருந்த பதவிகளுக்குத் தானே குறியிட்டதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

பிளேடன் கவுண்டி இடம்பெற்றிருந்த ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் டான் மெக்ரெடியைவிட 905 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். மாநிலத் தேர்தல் வாரியம் முடிவைச் சான்றளிக்க மறுத்தது. விசாரணையின் இறுதியில், 2019 பிப்ரவரி 21 அன்று, மறுதேர்தல் நடத்த ஒருமனதாக ஆணையிட்டது. சீட்டுகளைச் சேகரிக்கும் வேலையை நடத்திய மெக்ரே டவுலஸ் என்பவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. மாநில வழக்கு விசாரணைக்கு வருமுன்பே 2022இல் அவர் இறந்துபோனார்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. பிறருடைய தபால் வாக்குச் சீட்டை நெருங்கிய உறவினரோ சட்டப்படியான காப்பாளரோ தவிர வேறு எவரும் வாங்கிச் செல்வது வட கரோலினாவில் 2018இலேயே தண்டனைக்குரிய பெருங்குற்றம். அந்த நாட்டிலேயே கடுமையான விதிகளில் ஒன்று நடைமுறையில் இருந்த மாநிலத்தில்தான், நாடாளுமன்றத் தேர்தல் ஒன்றே செல்லாமற்போகும் அளவுக்கு இது நடந்தது. ஆகவே, பிறர் வாக்கை யார் கையாளலாம் என்ற விதியை எழுத ஒரு சட்டமன்றம் உட்காருமானால், மிகக் கடுமையான விதியே மிகப் பாதுகாப்பான விதி என்ற எண்ணத்தோடு அது தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

வாக்குச்சாவடியில் சீட்டைக் குறித்த கையே அதைப் பெட்டியில் இடுகிறது. தபால் வாக்கில் அந்த இரண்டு செயல்களுக்கும் நடுவே சில நாள்களும், சில மைல்களும், சில சமயம் வேறொருவரின் கையும் வந்துவிடுகின்றன. வேறொருவர் கை இதில் வருவதை எதிர்ப்பவர்கள் ‘வாக்கு அறுவடை’ என்கிறார்கள். ஏற்பவர்கள் ‘வாக்குச் சேகரிப்பு’ என்கிறார்கள். எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே பாதி வாதம் முடிந்துவிடுவதால், இக்கட்டுரையில் நான் ‘சுமத்தல்’ என்ற பொதுவான சொல்லையே கையாளுகிறேன். ஒவ்வொரு விதியையும் இரண்டு கேள்விகளைக் கொண்டு அளக்கலாம். சுமந்தவர் யார் என்பது பின்னர் கண்டுபிடிக்கத்தக்கதாக எங்காவது பதிவாகிறதா என்பது ஒன்று. சுமந்து செல்ல உறவினர் எவரும் இல்லாத வாக்காளரின் வாக்கும் அலுவலகத்துக்கு வந்து சேருமா என்பது மற்றொன்று.

முதல் வழி, குடும்பத்தாருக்கு மட்டும் அனுமதி தருவது. வட கரோலினாவின் பட்டியலில் கணவன், மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோர், தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் வழிப் பிள்ளைகள் ஆகியோர் இருக்கிறார்கள். அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, அண்ணன் மகன் இல்லை, இருபது ஆண்டுகளாக அடுத்த வீட்டில் இருப்பவர் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அண்ணன் மகனின் துணையோடு வாழும் ஒரு மூதாட்டியின் உறையை அந்த அண்ணன் மகன் போகிற வழியில் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்தால், சட்டத்தின் எழுத்துப்படி அது குற்றம்.

அரிசோனா மாநிலம் 2016இல் இதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது. குடும்பத்தார், ஒரே வீட்டில் வசிப்பவர், பராமரிப்பாளர் ஆகியோரும், தம் பணியின் பேரில் அஞ்சல் ஊழியரும் தேர்தல் அலுவலரும் மட்டுமே பிறரின் சீட்டைச் சுமக்கலாம். மற்றவர் செய்தால் பெருங்குற்றம். வட கரோலினாவின் பட்டியலைவிட இது ஓரளவு அகலமானது. ஆனால் அந்த மாநிலத்தின் நிலவியலோடு வைத்துப் பார்த்தால் அதன் சுமை யார்மேல் விழுகிறது என்பது தெரியும். நவஹோ மக்களின் தன்னாட்சி நிலப்பரப்பு எழுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அதன் பெரும்பகுதி அரிசோனாவில் இருக்கிறது. ஊரகக் கவுண்டிகளில் வாழும் பூர்வகுடி வாக்காளர்களில் 18 விழுக்காட்டினருக்குத்தான் வீட்டுக்கே அஞ்சல் வருகிறது. அதே கவுண்டிகளின் வெள்ளையர்களில் 86 விழுக்காட்டினருக்கு வருகிறது. அஞ்சல் பெட்டியை அடையவே முக்கால் மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம்வரை வண்டி ஓட்ட வேண்டியவர்கள் அங்கே ஏராளம். வண்டி இல்லாதவர், வண்டியுள்ள ஒருவரிடம் உறையைக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம்.

உறவு என்ற சொல்லிலும் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நவஹோ மக்களின் உறவுமுறை தாய்வழிக் குலத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரே குலத்தில் பிறந்தவர்கள், நேரடி இரத்த உறவு எதுவென்று சுட்ட முடியாதபோதும், ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகவும் தாயாகவும் முறைவைத்து அழைக்கிறார்கள். பெரியம்மாவையும் சித்தியையும் அம்மா என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசோனாச் சட்டத்தின் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் அந்தக் குல உறவு அடங்கவில்லை.

அதே மாநிலத்தின் எல்லையோர நகரமான சான் லூயிஸில், மக்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானிஷ் மொழிவழியினர். வீட்டுக்கு அஞ்சல் வருவதில்லை. நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் ஒரே அஞ்சலகத்தின் பெட்டிகளையே ஊர் நம்பியிருக்கிறது. அங்கே முன்னாள் நகரத் தலைவியாக இருந்த ஒருவர், 2020 ஆகஸ்டு உள்கட்சித் தேர்தலில் பிறரின் நான்கு சீட்டுகளைப் பெற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2022இல் முப்பது நாள் சிறைத்தண்டனை பெற்றார். கட்சி அரசியலில் ஈடுபட்டிருந்த ஒருவர் வாக்காளரின் சீட்டைக் கையில் வாங்கியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதே சட்டப் பிரிவின் கீழ், எந்தக் கட்சியையும் சாராத அண்டை வீட்டார் ஒருவரும் அதே வகைக் குற்றவாளிதான். இவ்விருவரையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத ஒரு விதியில் குறை இருக்கிறது.

அரிசோனாச் சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2021 ஜூலை 1 அன்று, ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. தன் எல்லைக்குள் மோசடி நடந்து முடியும்வரை ஒரு மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ கூறினார். வட கரோலினாவின் 2018 நிகழ்ச்சியையும் எடுத்துக்காட்டாகச் சுட்டினார். முன்னெச்சரிக்கை என்ற வாதம் நேர்மையானதுதான். ஆனால் அந்த எடுத்துக்காட்டு அவருடைய முடிவுக்குத் துணைநிற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தார் மட்டும் என்ற விதி வட கரோலினாவில் ஏற்கெனவே இருந்தது; அது டவுலஸின் ஆட்களைத் தடுக்கவில்லை. பூர்வகுடி வாக்காளர்களின் நிலையை மாறுபட்ட தீர்ப்பில் விரிவாக எழுதியவர் நீதிபதி எலினா கேகன். மேலே நான் தந்த விழுக்காடுகளும் பயண நேரமும் அதில் உள்ளவையே.

அப்படியானால் வட கரோலினாவில் குற்றம் எப்படி வெளிப்பட்டது? உறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அம்மாநிலத்தில் அப்போது ஒவ்வொரு தபால் வாக்கு உறையின்மேலும் இரண்டு சாட்சிகள் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த உறைகளின் படிகளைச் செய்தியாளர்கள் புரட்டிப் பார்த்தபோது, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல வாக்காளர்களின் உறைகளில் அதே சில சாட்சிகளின் பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. எண்களும் ஐயத்தை எழுப்பின. வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்ளும் அம்மாநிலத்தில், பிளேடன் கவுண்டியின் தபால் வாக்குகளில் குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்கள் அனுப்பியவை 19 விழுக்காடுதான். எண்ணிக்கையிலோ ஹாரிஸுக்கு 61 விழுக்காடு கிடைத்திருந்தது. மையின் நிறத்தையும் தபால்தலையையும் குறித்துத் தரப்பட்ட அறிவுரைகள் எல்லாம் உறை ஏதேனும் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்தவை. அந்த அச்சத்துக்குக் காரணம் தண்டனைப் பிரிவன்று. உறையின்மேல் பெயர் எழுதும் அந்த இரண்டு வரிகள்.

இரண்டாவது வழி, முதலாவதற்கு நேர் எதிரானது. கலிபோர்னியா 2016இல் இயற்றிய சட்டப்படி, வாக்காளர் தாம் விரும்பும் எவரிடமும் தம் சீட்டைக் கொடுத்தனுப்பலாம். அதற்கு முன்பு அங்கேயும் குடும்பத்தாரும் உடன் வசிப்பவரும் மட்டுமே சுமக்க முடிந்தது. எத்தனை சீட்டுகள் என்ற உச்சவரம்பு இல்லை. சீட்டு எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்ற தடை மட்டும் உண்டு. பெற்ற சீட்டை மூன்று நாள்களுக்குள், அல்லது வாக்குப்பதிவு முடிவதற்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் சேர்த்துவிட வேண்டும். ஆளில்லாத வாக்காளர் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை: அண்டை வீட்டார், கோயில் நண்பர், வீட்டுக்கு வரும் செவிலியர் என எவரிடமும் அவர் கொடுக்கலாம்.

குறை பதிவில் இருக்கிறது. சுமப்பவர் தம் பெயர், வாக்காளரோடு தமக்குள்ள உறவு, கையெழுத்து ஆகியவற்றை இடுவதற்கு கலிபோர்னியா உறையில் இடம் உண்டு. ஆனால் அதை நிரப்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாக்கைத் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாக்காளரைக் காப்பதற்காக எழுதப்பட்ட நல்லெண்ண விதி அது. அதன் விளைவாக அந்த இடம் நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. 2020 அக்டோபரில் அம்மாநிலக் குடியரசுக் கட்சியினர் தேவாலயங்களிலும் துப்பாக்கிக் கடைகளிலும் தாங்களே பெட்டிகளை வைத்து வாக்குச் சீட்டுகளைப் பெறத் தொடங்கினார்கள். அதிகாரப்பூர்வப் பெட்டி என்றே சிலவற்றில் எழுதியிருந்தது. மாநில அரசு எதிர்த்தபோது, ‘எவரிடமும் கொடுக்கலாம் என்பது நீங்கள் எழுதிய சட்டம்தானே’ என்பது அவர்களின் வாதமாக இருந்தது. வாக்காளர் நம்பி ஒப்படைக்கும் ‘ஒரு நபர்’ பெயரும் முகமும் இல்லாத பெட்டியாக மாறுவதற்கு அந்தச் சட்டம் இடம் விட்டிருந்தது என்பதை மறுக்க இயலாது.

மூன்றாவது வழி, யார் என்று கேட்காமல் எத்தனை என்று கேட்பது. 2013 முதல் எல்லா வாக்காளர்களுக்கும் தபாலில் சீட்டு அனுப்பிவரும் கொலராடோவில், ஒரு தேர்தலில் ஒருவர் பத்துச் சீட்டுகளுக்கு மேல் சுமக்கக் கூடாது. நியூ ஜெர்சியில் பத்தாக இருந்த வரம்பு 2015இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தார் என்றால் ஐந்து. வேட்பாளர் தம் தொகுதி வாக்காளரின் சீட்டைச் சுமக்கவே கூடாது. சுமப்பவர் உறையில் தம் விவரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அண்ணன் மகனும் அடுத்த வீட்டாரும் இந்த வரம்புக்குள் அச்சமின்றி உதவலாம். ஆள் வைத்து நூற்றுக்கணக்கில் திரட்டுவது மட்டும் குற்றமாகிறது. இயல்பான உதவிக்கும் திட்டமிட்ட திரட்டலுக்கும் நடுவே கோடு கிழிக்க எண்ணிக்கை நல்ல கருவி என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடாதபடி பேட்டர்சன் நகரத்தின் கதை இருக்கிறது. நியூ ஜெர்சியின் அந்த நகரில் 2020 மே மாதம் நகர்மன்றத் தேர்தல் பெருந்தொற்றின் காரணமாக முழுவதும் தபாலிலேயே நடந்தது. நூற்றுக்கணக்கான சீட்டுகள் கட்டுக்கட்டாக அஞ்சல் பெட்டியில் கண்டெடுக்கப்பட்டன. வந்த சீட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பல காரணங்களால் எண்ணப்படவில்லை. ஒரு வார்டின் இடத்துக்குப் புதிய தேர்தல் நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று என்ற வரம்பு அங்கே சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அலுவலரின் கையில் கொடுக்காமல் தெருவோர அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டால் எண்ணுவதற்கு ஆளில்லை. எனவே எண்ணிக்கை வரம்பு, சீட்டுகள் நேரில் ஒப்படைக்கப்படும் இடத்தில்தான் உண்மையாக இயங்குகிறது. கேமரா கண்காணிப்புள்ள அரசுப் பெட்டிகளை ஊருக்குள் பரவலாக வைத்து, நாள்தோறும் காலிசெய்யும் ஏற்பாடு இல்லாமல் அந்த வரம்பை விதிப்பதில் பயன் குறைவு.

பிரிட்டன் இதே வழியில் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2004இல் பர்மிங்காம் நகரின் இரண்டு வார்டுகளில் நடந்த தபால் வாக்கு மோசடி, அடுத்த ஆண்டு தேர்தல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. இரவு நேரத்தில் ஒரு கிடங்கில் கட்சிக்காரர்கள் மேசையில் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்ததைக் காவலர்கள் பார்த்திருந்தார்கள். இரண்டு வார்டுகளின் தேர்தலும் செல்லாது என்று நீதிபதி ரிச்சர்ட் மாரி தீர்ப்பளித்தார். இருந்தும் சட்டம் மாற நெடுங்காலம் ஆயிற்று. 2022இன் தேர்தல் சட்டத்தின்படி, 2024 மே 2 தேர்தலிலிருந்து, ஒருவர் தம் சீட்டோடு மற்றவருடையவை ஐந்தைத்தான் நேரில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது ஒரு படிவத்தையும் நிரப்ப வேண்டும். கட்சிப் பிரசாரகர்கள் தம் குடும்பத்தாருடையதையோ தாம் பராமரிப்பவருடையதையோ தவிர எவருடைய தபால் வாக்கையும் தொடவே கூடாது.

இந்த விதியின் ஒரு பகுதியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒருவர் வரம்பை மீறிக் கொண்டுவந்தால், அவருடைய சொந்தச் சீட்டு ஏற்கப்பட்டு, மற்றவர்களின் சீட்டுகள் தள்ளப்படுகின்றன. படிவத்தை நிரப்பாமல் அலுவலக அஞ்சல் துளையில் போட்டுப்போன சீட்டுகளும் தள்ளப்படுகின்றன. அந்த வாக்காளர்கள் செய்த தவறு என்ன? தாங்கள் கொடுத்தனுப்பியவர் வேறு எத்தனை பேரிடம் வாங்கினார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சுமந்தவர் செய்த பிழைக்குக் கொடுத்தவர் தம் வாக்கை இழப்பது முறையாகாது.

பிரசாரகர்மீதான தடையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். இது புதிய எண்ணமும் அன்று. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை தாங்கிய, இரு கட்சியினரும் இருந்த ஆணையம், மூன்றாம் தரப்பு அமைப்புகளும் வேட்பாளர்களும் கட்சிப் பணியாளர்களும் தபால் வாக்குச் சீட்டைக் கையாளுவதை மாநிலங்கள் தடுக்க வேண்டும் என்று 2005இலேயே பரிந்துரைத்தது. முடிவில் தனக்கு ஆதாயம் உள்ள ஒருவர், முடிவை உண்டாக்கும் தாளைக் கையில் வைத்திருக்கக் கூடாது. பணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். டவுலஸின் ஆட்களுக்கு ஐம்பது விண்ணப்பங்களுக்கு 150 டாலர், ஐம்பது வாக்குச் சீட்டுகளுக்கு 125 டாலர் என்ற கணக்கில் கூலி பேசப்பட்டிருந்தது. ஐம்பதை எட்டினால்தான் பணம் என்ற நிலையில், கதவைத் திறக்கும் முதியவர் தம் சீட்டில் இரண்டு பதவிகளுக்கு மட்டும் குறித்திருந்தால் என்ன, உறையை ஒட்டாமல் கொடுத்தால் என்ன என்று அந்த ஆள் யோசிக்க மாட்டார். பிளேடன் கவுண்டியின் வாக்காளர் ஒருவர் தம் உறுதிமொழிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்: தாம் இரண்டு பதவிகளுக்கு மட்டும் குறித்திருந்ததாகவும், மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வந்த பெண் உறையை ஒட்டாமலேயே வாங்கிச் சென்றதாகவும்.

நான்காவது வழியில், சுமப்பவர் என்ற மூன்றாம் ஆளே தேவைப்படுவதில்லை. அரசே வாக்காளரிடம் போகிறது. இந்தியாவில் நமக்கு இது பழகிய காட்சியாகிவருகிறது. 85 வயதைக் கடந்தவர்களும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் உடற்குறைபாடு உள்ளவர்களும் 12டி படிவத்தில் விண்ணப்பித்தால், வாக்குப்பதிவு அலுவலர்கள் காவலரோடும் காணொளிப் பதிவாளரோடும் வீட்டுக்கே வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் இது நாடு முழுவதும் நடந்தது. வீட்டின் ஒரு மூலையில் மறைப்பு அட்டையை நிறுத்தி, வாக்காளர் அதற்குள் குறித்து, மடித்து, உறையிலிட்டு ஒட்டிய பிறகே அலுவலர் அதைப் பெறுகிறார். காணொளி எல்லாவற்றையும் பதிவுசெய்யும். சீட்டில் குறியிடும் தருணத்தை மட்டும் பதிவுசெய்யக் கூடாது. எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்பது வேட்பாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படுவதால் அவர்களின் முகவர்களும் உடன் வரலாம். வாக்குச்சாவடியில் பார்வையற்றோருக்குத் துணையாக வருபவர் ஒரே நாளில் ஒரு வாக்காளருக்குத்தான் துணை நிற்கலாம் என்பதும், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்பதும் நம் 1961 தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கின்றன. எண்ணிக்கை வரம்பையும் பெயர்ப் பதிவையும் ஒன்றாக வைத்த விதி அது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு ஓரளவு உண்டு. வட கரோலினாவிலேயே, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்ல, வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்கள் இணைந்த உதவிக் குழுக்களை கவுண்டித் தேர்தல் வாரியங்கள் அமைக்கின்றன. ஒரு கட்சிக்காரர் செய்வதை மற்றொரு கட்சிக்காரர் பார்த்துக்கொண்டிருப்பதே அங்கே காப்பு. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் நான்கு வழிகளிலும் இதுவே சிறந்தது. ஆனால் இதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், பணம் வேண்டும். நவஹோ நிலத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவை நினைத்தால், எல்லாருக்கும் இதைச் செய்துவிட முடியும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உண்மையிலேயே வேறு வழியற்றவர்களுக்கு இதை உரிமையாக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாநிலம் மீற முடியாத ஓர் அடித்தளம் இருக்கிறது. 1982இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 208ஆம் பிரிவின்படி, பார்வையின்மை, உடற்குறைபாடு, எழுதப் படிக்கத் தெரியாமை ஆகியவற்றால் உதவி தேவைப்படும் வாக்காளர் தாமே தேர்ந்த ஒருவரின் உதவியைப் பெறலாம். அவருடைய முதலாளியும் தொழிற்சங்கமும் அவர்களின் முகவர்களும் மட்டும் விலக்கு. விஸ்கான்சினிலும் வட கரோலினாவிலும் 2022இலும், அலபாமாவில் 2024இலும், இந்தப் பிரிவை மறந்து எழுதப்பட்ட கட்டுப்பாடுகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இத்தகைய வாக்காளர்களின் அளவில் நிறுத்திவைத்தன. முதலாளியையும் சங்கத்தையும் விலக்கிய அந்தப் பிரிவின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யார் உறவினர் என்று அது கேட்கவில்லை. வாக்காளர்மேல் அதிகாரம் செலுத்தக் கூடியவர் யார் என்று கேட்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, நான் பரிந்துரைக்கும் விதி மூன்றாவது வழியைச் சுற்றி அமைகிறது. உறவு எதுவானாலும், ஒருவர் தம் வீட்டாருடையவை தவிர மூன்று அல்லது நான்கு சீட்டுகளைச் சுமக்கலாம். நவஹோ நிலம் போன்ற தொலைதூரப் பகுதிகளில் கொலராடோவைப்போல் பத்துவரை அனுமதிக்கலாம். வேட்பாளரும், கட்சிப் பணியாளரும், கூலி பெறுபவரும் குடும்பத்துக்கு வெளியே ஒரு சீட்டைக்கூடத் தொடக் கூடாது. வாக்காளர் தம் கையால் உறையை ஒட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். சுமப்பவர் தம் பெயரையும் முகவரியையும் உறையின்மேல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அலுவலர் அந்தப் பெயரைக் கணினியில் ஏற்ற வேண்டும். நான்காவது உறையிலும் பதினான்காவது உறையிலும் அதே பெயர் வந்தால் தேர்தல் முடிவதற்கு முன்பே கணினி காட்டிவிடும். வட கரோலினாவில் செய்தியாளர்கள் தேர்தலுக்குப் பிறகு கைகளால் புரட்டிக் கண்டதை, முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பே அலுவலகம் காண முடியும்.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கேயும் குடும்பத்தார், பராமரிப்பாளர் போன்ற சிலருக்கு மட்டுமே அனுமதி. இருந்தும் 2023 செப்டம்பரில் நகரத் தலைவருக்கான ஜனநாயகக் கட்சி உள்தேர்தலில், ஒரு பெண் அரசுப் பெட்டியில் தாள்களை இடுவது கண்காணிப்புக் காணொளியில் பதிவாகியிருந்தது. வெற்றி வேறுபாடு 251 வாக்குகள். நவம்பர் 1 அன்று, பொதுத் தேர்தலுக்கு ஆறு நாள்களே இருக்கையில், நீதிபதி புதிய உள்தேர்தலுக்கு ஆணையிட்டார். அங்கே உண்மையைக் காட்டிக்கொடுத்தது கேமரா. வட கரோலினாவில் உறை.

இனி, சுமந்தவரின் கையெழுத்து இல்லாமல் ஓர் உறை வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. அப்படியே எண்ணிவிடச் சொல்கிறது கலிபோர்னியா. நேரில் தந்தவர் படிவம் நிரப்பாவிட்டால் தள்ளிவிடச் சொல்கிறது பிரிட்டன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி ஏற்கெனவே பல மாநிலங்களில் கையெழுத்துப் பொருந்தாத உறைகளுக்கு நடைமுறையில் உள்ளது: உறையைத் தனியே எடுத்துவைத்து, வாக்காளரைத் தொலைபேசியிலோ கடிதத்திலோ அழைத்து, உறுதிமொழி பெறுவது. இங்கும் அதையே செய்யலாம். உங்கள் உறையை நீங்களே ஒட்டினீர்களா, யாரிடம் கொடுத்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளை அலுவலர் கேட்க வேண்டும். தாமே ஒட்டியதாக வாக்காளர் கையெழுத்திட்டு உறுதி தந்தால் அவருடைய வாக்கு எண்ணப்பட வேண்டும். இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பெயரிலிருந்து, சுமந்தவரைப் பற்றிய விசாரணை தொடங்க வேண்டும்.